கார்ட் டி விசிட்

கார்ட் டி விசிட் என்பது 19 ஆம் நூற்றாண்டில் பெருவழக்கிலிருந்த சிறிய ஒளிப்பட அட்டை ஆகும். பிரெஞ்சு மொழியில் இப்பெயருக்கு வருகை அட்டை என்பது பொருள். ஏறத்தாழ 6 செ.மீ அகலமும் 10 செ.மீ உயரமும் கொண்ட தடித்த அட்டையில் படம் ஒட்டப்பட்டிருக்கும். பாரிசைச் சேர்ந்த டிஸ்டேரி 1854 இல் இதற்குக் காப்புரிமம் பெற்றார். பல வில்லைகள் கொண்ட ஒளிப்படக்கருவியால் ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுப் படங்கள் வரை பதிந்து, ஒரே தாளில் அச்சிட்டு வெட்டியதால் விலை பெரிதும் குறைந்தது.

1860 இல் விக்டோரியா அரசி குடும்பத்தினரின் படங்களை மேயல் வெளியிட்டபின், புகழ்பெற்றோர் அட்டைகளை வாங்கித் தொகுப்பேடுகளில் சேர்க்கும் மோகம் பரவியது. இவ்வட்டைகளின் பதிப்புரிமையைப் பொதுவாக ஒளிப்படக் கலைஞரே வைத்திருப்பார். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்தவரும் எழுதப் படிக்க அறியாதவருமான சோஜர்னர் ட்ரூத் இதற்குக் குறிப்பிடத்தக்க விதிவிலக்கு. 1864 இல் அவர் தம் படத்தின் பதிப்புரிமையைத் தம் பெயரிலேயே பதிவு செய்து, அட்டைகளை விற்றுத் தம் வாழ்வுக்கும் பரப்புரைப் பயணங்களுக்கும் பொருள் ஈட்டினார்.

1866 அளவில் அறிமுகமான, அளவில் பெரிய கேபினட் அட்டை பின்னர் இதன் இடத்தைப் பிடித்தது.