கடைமடைக் குழந்தைக்கும் சொட்டு மருந்து



சென்ற புதன்கிழமை கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு தாய் எங்களிடம், "இளம்பிள்ளை வாதம்தான் நம்ம நாட்டுலயே இல்லைன்னு சொல்லிட்டாங்களே, ஐயா. இன்னும் எதுக்கு இந்தச் சொட்டு மருந்து?" என்று கேட்டார். உங்களில் சிலரும் கடிதங்களில் ஏறக்குறைய இதையே கேட்கிறீர்கள். தடுப்பு மருந்தை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. அதற்குமேல் உழைக்க என்ன இருக்கிறது என்கிறீர்கள். இரண்டு கேள்விகளுக்கும் வேலூரில் ஒருவருடைய வாழ்நாள் பணியே பதிலாக இருக்கிறது.

டாக்டர் டி. ஜேக்கப் ஜான் குழந்தை மருத்துவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் நோய்களை ஆராய்ந்தவர். மேலை நாடுகளில் போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை கொடுத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் நம் குழந்தைகளில் பலருக்கு மூன்று தவணைக்குப் பின்னும் போதிய எதிர்ப்புச் சக்தி உண்டாகவில்லை என்பதை அவரும் உடன் ஊழியரும் 1972-ல் எடுத்துக்காட்டினார்கள். எனவே தவணைகளைக் கூட்ட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

அடுத்து, ஓர் ஊரிலுள்ள சிறு குழந்தைகள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் மருந்து கொடுத்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் அப்படியே கொடுக்கும் முறையை வேலூர் நகரத்தில் செய்து பார்த்தார்கள். அதன் பலன் 1983-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. கியூபாவும் பிரேசிலும் ஏற்கெனவே இப்படி நாள் குறித்து மருந்து கொடுத்து நோயைக் குறைத்திருந்தன. 1995 முதல் நம் நாடு முழுவதும் நடந்த 'பல்ஸ் போலியோ' நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அவருடைய இன்னொரு பணி அதிகம் பேசப்படுவதில்லை. எந்த ஊரில் எந்த நோய் வந்திருக்கிறது என்பது தெரியாமல் மருந்து மட்டும் கொடுத்து என்ன பயன்? ஆகவே 1980-களில் வட ஆற்காடு மாவட்டத்து மருத்துவமனைகளுக்கு அச்சடித்த அஞ்சல் அட்டைகள் வழங்கப்பட்டன. குறிப்பிட்ட நோய்களில் ஒன்றைக் கண்டால் மருத்துவர் அட்டையில் எழுதித் தபாலில் சேர்த்துவிட வேண்டும். வந்த செய்திகள் தொகுக்கப்பட்டு, மாதந்தோறும் ஒரு மடலாக அதே மருத்துவர்களுக்குத் திரும்பிச் சென்றன. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற வேறுபாடு இல்லை. இந்த ஏற்பாட்டின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'நதி' என்று வரும்.

நதி என்றதும் எங்களுக்குக் காவிரிதான் நினைவுக்கு வருகிறது. பேராவூரணி கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் எங்கள் விவசாயி மகிழ்ந்துவிடமாட்டார். தம் வயலின் மடையில் தண்ணீரைக் கண்ட பிறகே நம்புவார். தடுப்பு மருந்தும் அப்படித்தான். சென்னையில் இருப்பு இருக்கிறது என்பதால் இங்குள்ள குழந்தைக்குப் பாதுகாப்பு வந்துவிடாது.

வரும் வழியை எண்ணிப் பாருங்கள். மாநிலக் கிடங்கிலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், பிறகு ஐஸ் கட்டிகள் வைத்த பெட்டியில் கிராம சுகாதார செவிலியரின் கையோடு அங்கன்வாடிக்கும் அது வர வேண்டும். சுகாதார நிலையத்தில் 2 முதல் 8 டிகிரி வரை குளிர் இருக்க வேண்டும். போலியோ சொட்டு மருந்து சூட்டில் வீரியம் இழக்கும். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி மருந்தோ உறைந்துபோனால் கெடும். சொட்டு மருந்துக் குப்பியின்மேல் ஒரு வட்டமும் அதற்குள் வெளிறிய சதுரமும் உண்டு. சூடு படப்படச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தலாகாது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது, தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. இப்பகுதியின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் நின்றால் குளிர்ப்பெட்டி எத்தனை மணி நேரம் தாங்கும், ஜெனரேட்டருக்கு டீசல் எங்கே கிடைக்கும் என்பவையெல்லாம் குழந்தையின் உயிரைத் தொடும் கேள்விகள் என்று அப்போது உணர்ந்தோம். அடுத்த புதன்கிழமைக்காகக் காத்திருக்கும் குழந்தைக்குப் புயல் ஒரு சாக்கு ஆகாது.

இப்படிப் பல ஆயிரம் பேர் வழியைக் காத்ததால்தான், 2009-ல் நம் நாட்டில் 741 குழந்தைகளைத் தாக்கிய போலியோ, 2010-ல் 42 பேரைத் தாக்கி, 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு சிறுமியோடு நின்றது. 2014 மார்ச் 27-ல் நம் பிராந்தியம் போலியோ அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

ஆனாலும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் நோய் இன்னும் ஒழியவில்லை. ஆப்பிரிக்கா 2020-ல் காட்டுப் போலியோ அற்ற பகுதி என்று சான்று பெற்றது. 2022-ல் மலாவி நாட்டில் ஒரு சிறுமிக்குப் பாகிஸ்தானில் பரவிய வகையே கண்டுபிடிக்கப்பட்டது. இதைத்தான் அந்தத் தாயிடம் சொன்னோம். அவர் சற்று யோசித்து, "அப்ப விட்டா திரும்பி வந்துரும்ங்கிறீங்க" என்றார். ஆம், அம்மா, அவ்வளவுதான் விஷயம் என்றோம்.

அன்பானவர்களே, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் சபையிலும் தெருவிலும் புதிதாகப் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகும்போது, தடுப்பூசி அட்டையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களும் ஒன்பதாம் மாதமும் தவறியிருந்தால், அடுத்த புதன்கிழமை அந்தத் தாய்க்குத் துணையாக நீங்களே உடன் செல்லுங்கள். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தால், அன்றே சுகாதார நிலையத்துக்குத் தெரிவியுங்கள். வேலூரில் அஞ்சல் அட்டை செய்த வேலையை உங்கள் ஒரு சொல் இங்கே செய்யும்.

தங்கள் அன்புள்ள,
மருத்துவமனைக் குருவானவர்,
பேராவூரணி