கடலோடிகளுக்கு வழிகாட்டிய ஜெராய் மலை

சுங்கை பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டாருக்குப் பேருந்திலோ இரயிலிலோ போகும்போது இடப்பக்கம் பாருங்கள். செம்பனைத் தோட்டங்களும் ரப்பர் மரங்களும் பின்னோக்கி ஓடும். ஒரு பெரிய மலை மட்டும் நெடுநேரம் நம்மோடு கூடவே வரும். அதுதான் ஜெராய் மலை. உயரம் 1,217 மீட்டர். பீடோங், குரூண், மெர்போக், யான் என்று சுற்றியுள்ள ஊர்களில் இருப்பவர்களுக்கு அது அன்றாடக் காட்சி. அன்றாடக் காட்சி என்பதாலேயே யாரும் அதை நின்று பார்ப்பதில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிக்கு இதே மலை உயிர் காக்கும் அடையாளம். நம் முன்னோர் 'கடாரம்' என்று அழைத்த துறைமுகம் இதன் அடிவாரத்தில்தான் இருந்தது. இத்தனை நீளமான கடற்கரையில் ஏன் குறிப்பாக இந்த இடம்? கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் புவியியலும் தெரிந்தால் நீங்களே விடை சொல்லிவிடலாம்.

எவ்வளவு தூரத்தில் தெரியும்?

பூமி உருண்டை. அதனால் கடலில் தூரமாகப் போகப் போக, கரை அடிவானத்துக்குக் கீழே இறங்கி மறைந்துவிடும். உயரமான பொருள் தாமதமாக மறையும். கரையை நோக்கி வரும்போது அதுவே முதலில் தெரியும். இதற்கு எளிய சூத்திரம் உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், எத்தனை கிலோமீட்டர் தூரம் வரை தெரியும் என்பது கிடைக்கும்.

ஜெராய்க்குப் போட்டுப் பார்ப்போம். 1,217-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 34.9. அதை 3.57-ஆல் பெருக்கினால் சுமார் 124 கிலோமீட்டர். மாலுமியின் கண் கடல்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னும் 7 கிலோமீட்டர் சேரும். ஆக, வானம் தெளிவாக இருந்தால் சுமார் 130 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே மலையுச்சி தலைகாட்டத் தொடங்கும்.

மலையே இல்லாத தட்டையான கரையாக இருந்தால்? கரையோரச் சதுப்புநிலக் காட்டு மரங்கள் 25 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை 25 கிலோமீட்டர் நெருங்கிய பிறகுதான் தெரியும். மணிக்கு 8 கிலோமீட்டர் போகும் பாய்மரக் கப்பலுக்கு அது மூன்று மணி நேரப் பயணம். ஜெராய் இருந்தால் 16 மணி நேரத்துக்கு முன்பே திசையைச் சரிசெய்துகொள்ளலாம். மழையும் புகைமூட்டமும் இந்தத் தூரத்தைக் குறைக்கும் என்றாலும், தட்டைக் கரையைவிட மலையுள்ள கரைக்கே எப்போதும் வெற்றி.

பினாங்குக் கொடிமலை 833 மீட்டர். லங்காவியின் ராயா மலை 881 மீட்டர். இவ்விரண்டும் எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஜெராய் இரண்டையும் மிஞ்சுகிறது.

ஜப்பானிலும் இப்படி ஒரு மலை உண்டு. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஹொன்ஷு தீவில் ஃபூஜி மலை 3,776 மீட்டர் உயரத்தில் தனித்து நிற்கிறது. அதே சூத்திரத்தில் போட்டால் 219 கிலோமீட்டர் வருகிறது. டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு 1964 முதல் ஓடும் ஷின்கான்சென் இரயிலில் பயணிகள் வலப்பக்கச் சன்னலோர இருக்கையைத் தேடிப் பிடிப்பது இந்த மலையைப் பார்க்கத்தான். நாம் இடப்பக்கம் உட்கார்ந்தால் போதும்!

ஆறு பாகைக் கோடு

இப்போது உலக வரைபடத்தை எடுங்கள். இலங்கையின் தென்முனையான தெய்வேந்திர முனையில் விரலை வையுங்கள். அது ஏறக்குறைய 6 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. விரலை நேர் கிழக்கே நகர்த்துங்கள். நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் நடுவே ஓர் இடைவெளி வரும். அதற்கு 'ஆறு பாகைக் கால்வாய்' என்றே பெயர். அதைத் தாண்டி அதே கோட்டில் போனால் விரல் வந்து முட்டும் இடம் கெடா. ஜெராயும் அந்த 6 பாகைக் கோட்டை ஒட்டியே இருக்கிறது.

இதன் பயன் என்ன? திசைகாட்டிக் கருவி இல்லாத காலத்தில், பகலில் சூரியனையும் இரவில் விண்மீன்களின் உயரத்தையும் பார்த்து, கிழக்கு நோக்கி ஒரே கோட்டில் போவதுதான் நடுக்கடலில் எளிய வழி. ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர் தூரம். காற்று சீராக வீசினால் பன்னிரண்டு நாள். கொஞ்சம் வடக்கேயோ தெற்கேயோ விலகிப் போனாலும், முன்னால் எழும் ஜெராயைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

காற்றின் கால அட்டவணை

நினைத்த நாளில் புறப்பட முடியாது. ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கப்பல்களை இந்தியாவிலிருந்து இங்கே தள்ளிக்கொண்டு வரும். ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று திருப்பி அனுப்பும். இடைப்பட்ட மாதங்களில் வணிகர்கள் காத்திருந்தே ஆகவேண்டும்.

இதற்கு நல்ல சாட்சி யி ஜிங் என்ற சீனப் பௌத்தத் துறவி. கி.பி. 671-இல் குவாங்சோவிலிருந்து கப்பலேறிய அவர், ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கிப் படித்தார். பிறகு கெடாவுக்கு வந்து, சீன நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதத்தில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அது வடகிழக்குக் காற்று வீசும் பருவம். கணக்குச் சரியாகப் பொருந்துகிறது அல்லவா?

மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்குத் தங்க இடம், குடிநீர், உணவு, சரக்கு வைக்கக் கிடங்கு, வழிபாட்டுத் தலம் எல்லாமே வேண்டும். அப்படித்தான் துறைமுகம் ஊராக வளர்ந்தது. பூஜாங் பள்ளத்தாக்கில் பௌத்தக் கட்டடங்களும் இந்துக் கோயில்களும் அருகருகே கிடைப்பதன் காரணம் இதுதான். சங்க இலக்கியமான பட்டினப்பாலையில் வரும் 'காழகம்' என்ற சொல்லுக்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கடாரம் என்று பொருள் எழுதினார். கடாரத்து அரசன் கட்டிய நாகப்பட்டினப் பௌத்த விகாரத்துக்கு இராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாகக் கொடுத்தான். அவன் மகன் இராஜேந்திரன் 1025-இல் கப்பற்படையை அனுப்பி, 'கடாரங்கொண்டான்' என்று பெயர் பெற்றான். வணிகம், நட்பு, போர் மூன்றுமே இந்தக் கடல்வழியில் நடந்திருக்கின்றன.

மலை தந்த இரும்பு

வழிகாட்டியதோடு ஜெராய் நிற்கவில்லை. அதன் பாறைகளில் இரும்புத் தாது இருக்கிறது. சரிவில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி நன்னீர் தருகிறது. அடிவாரக் காடு விறகும் கரியும் தந்தது. இரும்பு உருக்க வேறென்ன வேண்டும்?

பீடோங் அருகே சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அகழாய்வு செய்தார்கள். இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், காற்று ஊதப் பயன்பட்ட களிமண் குழாய்களும், இரும்புக் கசடுகளும், படகுத்துறையின் அடித்தளமும் அங்கே கிடைத்தன.

மூன்றாம் படிவ அறிவியலில் உலோகங்களின் வினைபுரியும் தன்மையைப் படிப்பீர்கள். அதே வேதியியல்தான் அந்த உலைக்குள்ளும் நடந்தது. குழாய் வழியே ஊதிய காற்றில் கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அது தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்துக்கொள்ளும். இரும்பு தங்கும், மற்றவை உருகிக் கசடாக ஒழுகும். பாடநூலில் நாம் படிக்கும் வினையை நம் ஊர்க்காரர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தொழிலாகச் செய்திருக்கிறார்கள்.

துறைமுகம் எங்கே போனது?

இன்று சுங்கை பத்துவில் நின்றால் கடல் தெரியாது. பிறகு படகுத்துறை எப்படி அங்கே வந்தது?

சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. இன்று நெல் விளையும் தாழ்நிலத்தின் பெரும்பகுதி அப்போது கடலும் சதுப்புமாகக் கிடந்தது. ஜெராய் கடலால் சூழப்பட்டு நின்ற காலமும் உண்டு. பிறகு கடல் மெல்லப் பின்வாங்கியது. மூடா ஆறும் மெர்போக் ஆறும் மற்ற ஓடைகளும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டின. கண்டல் மரங்களின் வேர்கள் நீரோட்டத்தைத் தடுத்து அந்தச் சேற்றைப் பிடித்து வைத்தன. சேறு மேடாயிற்று, மேடு நிலமாயிற்று, கடல் தள்ளிப் போயிற்று. ஆழம் குறைந்த ஆற்றில் பெரிய மரக்கலம் நுழைய முடியாது. துறைமுகம் தேய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தச் சேற்று நிலத்தை வயலாக்கவும் உழைப்பு வேண்டியிருந்தது. கெடாவின் முதலமைச்சராக இருந்த வான் மாட் சாமான் 1885-இல் அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் அடிவாரம் வரை ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். அது வயலுக்கு வடிகாலாகவும் படகுக்கு வழியாகவும் ஆயிற்று.

தோட்டத்து மண்ணுக்குள்

அடிவாரத்து மேட்டுநிலங்களில் இருபதாம் நூற்றாண்டில் ரப்பர் தோட்டங்கள் வந்தன. தமிழகத்திலிருந்து வந்த நம் பாட்டன் பாட்டிமார் அங்கே காடு வெட்டினார்கள், கான் தோண்டினார்கள், மரம் நட்டார்கள், பால் மரம் சீவினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழ் வணிகர்கள் வந்து இறங்கிய அதே மண் அது. 1936, 1937 ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் இங்கே பல இடங்களைத் தோண்டி ஆராய்ந்தார்கள். மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பாஹாட் சண்டி 1960-இல் மறுபடியும் அடுக்கி நிறுத்தப்பட்டது. அதன் அருகே அருங்காட்சியகமும் இருக்கிறது.

ஆனால் எல்லா இடங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. இந்த வெப்பத்திலும் மழையிலும் மரத்தூணும் ஓலைக்கூரையும் மக்கிப் போய்விடும். மிஞ்சுவது செங்கல், செம்புறைக்கல் அடித்தளம் மட்டுமே. பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் கல்மேடு. 2013-இல் சுங்கை பத்துத் தோட்ட நிலத்தில் இருந்த 11-ஆம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இயந்திரத்தால் இடிக்கப்பட்டது. செய்தி வெளியானபோது நாடே அதிர்ந்தது. செங்கற்களைத் திரும்ப அடுக்கலாம். ஆனால் எந்தப் பொருள் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற தகவலைத் திரும்ப அடுக்க முடியாது. தொல்லியலாளர் காலத்தைக் கணிப்பதே அந்த மண்ணடுக்கை வைத்துத்தான்.

உங்கள் பங்கு

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் காலம் இது. தோட்டத்து மூலை முடுக்கெல்லாம் அறிந்தவர்கள் அங்கே வளர்ந்தவர்கள்தான். ஆகவே வயல் ஓரத்திலோ, செம்பனை வரிசைக்கு நடுவிலோ, புதிதாக வெட்டிய கானிலோ பழைய செங்கல், வேலைப்பாடுள்ள கல், இரும்புக் கசடு ஏதேனும் கண்ணில் பட்டால் மூன்று காரியம் செய்யுங்கள். அதை எடுக்காதீர்கள். இடத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். ஆசிரியர் வழியாக மெர்போக் அருங்காட்சியகத்துக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ தெரிவியுங்கள்.

அடுத்த விடுமுறையில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு வீட்டாரை அழைத்துப் போங்கள். முடிந்தால் மெர்போக் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள தஞ்சோங் டாவாய் மீனவக் கிராமத்துக்கும் போய், கரையில் நின்று ஜெராயைத் திரும்பிப் பாருங்கள். கடாரத்துக்கு வந்த மாலுமிகள் பார்த்துப் பெருமூச்சு விட்ட பக்கம் அது.