இராதாபாய் சுப்பராயன் அம்மையார்

கொங்கு நாட்டில் திருச்செங்கோட்டை அடுத்துள்ள சிற்றூர் குமாரமங்கலம். அவ்வூரின் பெயர் ஒரு குடும்பத்தின் வாயிலாக நாடெங்கும் பரவியது. அக்குடும்பத்திற்கு மருமகளாய் வந்து, அரசியல் மன்றங்களில் பெண்கள் இடம்பெறுதற்கு வழிகோலிய பெருமாட்டியே இராதாபாய் சுப்பராயன் அம்மையார்.

அம்மையார் 1891-ஆம் ஆண்டில் பிறந்தார். அவர்தம் தந்தையார் மங்களூர்க் குத்முல் ரங்கராவ் என்பார். தீண்டாமைக் கொடுமையால் ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நிறுவிய சீர்திருத்தச் செம்மல் அவர். அம்மையார் சென்னை மாநிலக் கல்லூரியிலும், பின்னர் ஆக்ஸ்போர்டில் சாமர்வில் கல்லூரியிலும் கற்றார். குமாரமங்கலம் ஜமீன்தாராகிய டாக்டர் ப. சுப்பராயனை மணந்தார். குலமும் தாய்மொழியும் வேறாயினும் இருவர் உள்ளமும் ஒன்றுபட்டன. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராய் விளங்கினார்.

சென்னை மாகாணத்தில் 1921-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது. ஆயினும், சொத்துடையவரே வாக்களிக்கலாம் என்பது அந்நாளைய விதி. நிலமும் வீடும் பெரும்பாலும் ஆடவர் பெயரிலேயே இருந்தமையால், மிகச் சில பெண்களே அவ்வுரிமையைத் துய்த்தனர். வாயில் திறந்திருந்தும் படி உயர்ந்திருந்தது.

இந்தியாவின் வருங்கால ஆட்சிமுறையை ஆராய 1930-ஆம் ஆண்டில் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடிற்று. அதில் இந்தியப் பெண்களின் சார்பில் அமர்ந்தவர் இருவரே. ஒருவர் பஞ்சாபைச் சேர்ந்த பேகம் ஷா நவாஸ். மற்றவர் நம் அம்மையார். சட்டமன்றங்களில் பெண்களுக்கெனச் சில இடங்களைச் சிறிது காலத்திற்கேனும் ஒதுக்கவேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினர்.

இக்கருத்தைப் பெண்கள் இயக்கங்களே ஏற்கவில்லை. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டும். சலுகை எதுவும் வேண்டா என்பது அவற்றின் கொள்கை. 1931-ஆம் ஆண்டு இரண்டாம் மாநாட்டில் கவியரசி சரோஜினி தேவியார் அக்கொள்கையை எடுத்துரைத்தார். சமமானவர்க்குச் சலுகை எதற்கு என்றது ஒரு பக்கம்; மன்றத்தினுள் புகாமல் சமத்துவத்தை நிலைநாட்டுவது எங்ஙனம் என்றது மறுபக்கம். இரண்டும் பெண்ணின் பெருமையைக் கருதியனவே. தம்மையொத்த பெண்மணிகளே மாறுபட்டு நின்றபோதும் அம்மையார் தம் கருத்தினின்றும் பிறழவில்லை.

1932-ஆம் ஆண்டு வாக்குரிமையை ஆராய்ந்த லோதியன் குழுவிலும் அம்மையார் உறுப்பினராய்ப் பணியாற்றினார். 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணச் சட்டமன்றங்களில் 41 இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிற்று. முன்னினும் மிகுதியான பெண்கள் வாக்குரிமை பெற்றனர். 1938-ஆம் ஆண்டில் மைய மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவ்வவையில் அமர்ந்த முதற் பெண்மணி என்னும் சிறப்பை அம்மையார் எய்தினார். 1960-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

அவர்தம் புதல்வியார் பார்வதி கிருஷ்ணன் ஆவார். பொதுவுடைமை இயக்கத்திலும் தொழிற்சங்கத்திலும் உழைத்த அவரை, ஆலைத் தொழிலாளர் மிகுந்த கோயம்புத்தூர்த் தொகுதி 1957, 1974, 1977 ஆகிய ஆண்டுகளில் மக்களவைக்கு அனுப்பிற்று. அது பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட தொகுதியன்று. தாய் வழி கோலினார். மகள் அவ்வழியில் தலைநிமிர்ந்து நடந்தார்.

அன்றைய வழக்கிற்குக் காலம் என்ன தீர்ப்பளித்தது? 1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை நல்கிற்று. சரோஜினி தேவியார் கேட்டது கிடைத்தது. ஆயினும் மன்றங்களில் பெண்கள் தொகை நெடுங்காலம் சிறுத்தே இருந்தது. 1992-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தங்கள் ஊராட்சி, நகராட்சி அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கின. மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் அவ்வாறே ஒதுக்கும் திருத்தம் 2023-ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. அம்மையார் கேட்டதன் தேவையை நாடு உணரத் தொண்ணூறு ஆண்டுகள் கடந்தன.

மாணவ மணிகளே! உங்கள் ஊராட்சி மன்றத்தில் ஒரு பெண் தலைமை ஏற்று அமர்ந்திருக்கக் காணின், அவ்விருக்கைக்காக முன்னொரு நாள் கடல் கடந்து சென்று வழக்காடிய கொங்கு நாட்டு மருமகளை நினைமின். பலரும் மறுப்பினும், ஆராய்ந்து தெளிந்த கருத்தை அஞ்சாது கூறுதலும், மாற்றுக் கருத்தினரை மதித்தலும் பொதுவாழ்விற்கு இன்றியமையாதன என்பதை உளங்கொள்மின்.