சேவல் தலையை அனுப்பிய ஆசிரியர்

1878ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பிரான்சு தேசத்தின் தென்பகுதியிலுள்ள தூலூஸ் நகரத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஆன்றி தூசேன் என்பவர், சீக்கு வந்து செத்த சேவல் ஒன்றின் தலையைப் பாரிசிலிருந்த லூயி பாஸ்டருக்கு அனுப்பிவைத்தார். கிருமிகளை வென்ற மகான்களின் சரித்திரத்தைச் சொல்லுகிறவர்கள் பாஸ்டரிடமிருந்தே தொடங்குவது வழக்கம். நான் அந்தச் சேவல் தலையிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

அந்தச் சேவலைக் கொன்றது கோழிக்காலரா. காலையில் கூடு திறந்ததும் தவிட்டுக்கு ஓடி வந்த கோழி, உச்சிப்பொழுதில் சிறகு தொங்கி, இறகு சிலிர்த்து, கொண்டை நீலம் பாரித்து, ஒரு மூலையில் நின்ற நிலையிலேயே கண் செருகித் தூங்கி வழியும்; தட்டி எழுப்பினால் இரண்டடி நடந்து மறுபடியும் கண்ணை மூடிக்கொள்ளும்; பொழுது சாய்வதற்குள் சத்தமின்றிச் சாய்ந்துவிடும். ஒரு கோழியில் தொடங்கியது வீதி முழுவதற்கும் பரவுவதைக் கண்டு, இது காற்றின் தோஷம், தண்ணீரின் தோஷம் என்றெல்லாம் ஜனங்கள் எண்ணிய காலத்தில், அதற்குக் காரணம் இரத்தத்தில் பெருகும் ஒரு நுண்கிருமியே என்று நிரூபிக்க முயன்றவர்களுள் தூசேனும் ஒருவர். அமிலத்தன்மை நீக்கிய சிறுநீரில் அவர் அக்கிருமியை வளர்த்துப் பார்த்தார். பாஸ்டரோ கோழி இறைச்சியின் சாற்றை அதற்கு ஆகாரமாகக் கொடுத்தார். கிருமி செழித்து வளர்ந்தது.

இவ்வாறு வளர்த்த சாறு நாட்பட்டுப் போனால் அதன் கொடுமை தணிந்துவிடுகிறது என்பதும், தணிந்த சாற்றை ஊசியின் வழியே ஏற்றிய கோழி சிறிது நோயுற்றுத் தேறிப் பின்னர் கொடிய கிருமியையும் தாங்கிக்கொள்கிறது என்பதும் 1880ஆம் ஆண்டில் பாஸ்டர் உலகுக்கு அறிவித்த பேருண்மைகள். மனிதனுக்கு வரும் பல நோய்களுக்குப் பின்னாளில் தடுப்பு மருந்து தேடியவர்கள் நடந்த பாதை, கோழிக்கூட்டின் வாசலில்தான் முதன்முதலில் வெட்டப்பட்டது.

தூசேன் வாளாவிருக்கவில்லை. ஆடுமாடுகளைத் திடீரென்று சாய்க்கும் அடைப்பான் நோய்க்குக் காரணமான கிருமியின் வாழ்க்கைமுறையை ஜெர்மானிய வைத்தியர் ராபர்ட் கோக் 1876இலேயே விளக்கியிருந்தார். அக்கிருமி வித்தாக மாறி மண்ணில் நெடுங்காலம் உயிரோடு கிடக்கும் என்பதும் தெரிந்திருந்தது. நோய்ப்பட்ட பிராணியின் இரத்தத்தை எடுத்து, 55 பாகை வெப்பத்தில் பத்து நிமிஷம் வைத்திருந்து, அதை ஆடுகளுக்கு ஊசியாகப் போட்டால் அவை பின்னர் அந்நோய்க்கு ஆளாவதில்லை என்று 1880 ஜூலையில் தூசேன் அறிவித்தார். பின்னர் வெப்பத்தை விடுத்துக் கார்பாலிக் அமிலத்தால் கிருமியின் வீரியத்தைக் குறைக்க முற்பட்டார். 20 ஆடுகளில் செய்த பரிசோதனையில் 4 ஆடுகள் ஊசியினாலேயே மாண்டன. எஞ்சியவை பிழைத்துக் கொடிய கிருமியையும் எதிர்த்து நின்றன. குறையுள்ள முறைதான், ஆயினும் அடைப்பானுக்கு எதிராக ஆட்டைக் காக்கலாம் என்று காட்டிய முயற்சி அதுவே என்பதை மறைப்பது நியாயமாகாது.

மறு ஆண்டில், பாரிசுக்குத் தென்கிழக்கேயுள்ள பூய்லி-லெ-ஃபோர் என்ற பண்ணையில் பாஸ்டர் நடத்திய பகிரங்கப் பரிசோதனையை யாரும் மறக்கவில்லை. மே 5ஆம் தேதியும் 17ஆம் தேதியும் 24 செம்மறியாடுகளுக்கும், ஒரு வெள்ளாட்டுக்கும், 6 மாடுகளுக்கும் தடுப்பூசி போடப்பட்டது. 31ஆம் தேதி அவற்றுக்கும், ஊசி பெறாத மற்றொரு கூட்டத்துக்கும் கொடிய கிருமி ஏற்றப்பட்டது. ஜூன் 2ஆம் தேதி பண்ணையில் கூடிய ஜனத்திரள் கண்ட காட்சி என்ன? ஊசி பெற்றவை தீவனம் தின்றுகொண்டிருந்தன. ஊசி பெறாத 24 ஆடுகளில் 21 ஆடுகளும் வெள்ளாடும் பிணமாக வரிசையில் கிடந்தன. இரண்டு ஆடுகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தன. கடைசி ஆடு அன்று பொழுது போவதற்குள் மாண்டது.

ஜனங்கள் ஆரவாரித்தார்கள், அது தகும். ஆனால் அங்கே பயன்பட்ட மருந்து, காற்றிலுள்ள பிராணவாயுவினால் தணிக்கப்பட்டதாக எல்லோரும் கருதிய கிருமியன்று. பாஸ்டரின் உதவியாளரான ஷார்ல் ஷாம்பர்லான், பொட்டாசியம் டைகுரோமேட் என்ற ரசாயனத்தால் தணித்த கிருமி. பாஸ்டரின் சோதனைக் குறிப்பேடுகளை ஆராய்ந்த அமெரிக்கச் சரித்திராசிரியர் ஜெரால்டு கீசன் 1995இல் இதை விரிவாக வெளியிட்டார். ரசாயனத்தால் கிருமியை அடக்குவது தூசேன் சென்ற வழிக்கு மிக அருகிலுள்ள வழியன்றோ? பாஸ்டரின் மேதையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. அவ்வளவு பெரியவர் ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்தக் கல்லூரி ஆசிரியரின் கீர்த்தி பிழைத்திருக்குமே என்ற ஆதங்கம்தான் எனக்கு.

மழைக்காலத்துக்கு முன்னே நம் ஊர்களில் மாடுகளுக்குப் போடும் தொண்டை அடைப்பான் ஊசி, கோழிக்காலராக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த கிருமிக்கு எதிரானதுதான். இராணிப்பேட்டையில் 1932இல் ஏற்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தின் பணியும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே. கழுத்து வீங்கி, மூச்சு இரைந்து, ஒரே இரவில் உழவுமாட்டை இழந்த குடியானவனைக் கண்டவர்களுக்கு அந்த ஊசியின் மதிப்புத் தெரியும்.

அந்தக் கிருமி இனத்துக்கு 1887இல் இத்தாலிய அறிஞர் ஒருவர் பாஸ்டரின் பெயரையே சூட்டிப் பாஸ்டுரெல்லா என்று அழைத்தார். அப்போது தூசேன் உயிரோடுதான் இருந்தார். நரம்புநோயால் ஆராய்ச்சியைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 1890 ஆகஸ்டு மாதத்தில், தம் 43ஆம் வயதில், அவர் காலமானார்.