முழங்காலின் மடக்கமும் எண்களின் கணக்கும்

நிற்றல், குனிதல், சிரம்பணிதல், இருத்தல் என்னும் நிலைகளால் ஆனது தொழுகை. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என மார்க்கம் சலுகை அளித்திருப்பதை அறிவோம். எனினும், பெண்ணாடத்தில் தொழுகை வரிசையின் ஓரத்தில் நாற்காலியிட்டு அமரும் முதியோரின் முகத்தில், நெற்றி நிலத்தில் படவில்லையே என்ற ஏக்கத்தையும் நாம் காண்கிறோம். இவ்வேக்கத்திற்கும் தரவு அறிவியல் என்னும் புதுத்துறைக்கும் நெருங்கிய தொடர்புண்டு.

மனித அசைவை எண்ணாக மாற்றுவது எவ்வாறு? மூட்டுகளின்மீது ஒளியைப் பிரதிபலிக்கும் சிறு குமிழ்களை ஒட்டி, பல படக்கருவிகளால் நடையைப் பதிவு செய்வர். கணந்தோறும் மூட்டு மடங்கும் கோணம் எண்ணாகப் பதிவாகும். பலருடைய எண்களை ஒப்புநோக்கி, இயல்பான நடையையும் நோயுற்ற நடையையும் பிரித்தறியக் கணினி கற்கிறது. இதற்குப் பெருஞ்செலவில் ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கி, 2023இல் ஆய்விதழில் விளக்கிய 'ஓப்பன்கேப்' என்னும் மென்பொருளோ, இரண்டு கைபேசிகளின் காணொளியிலிருந்தே இவ்வளவுகளைக் கணிக்கிறது.

ஆயினும், அளக்கப்படாத அசைவைக் கணினி அறியாது. சமதரையில் நடக்கையில் முழங்கால் ஏறத்தாழ 60 பாகையே மடங்குகிறது. நடையை மட்டும் அளந்தவருக்கு அதுவே போதுமெனத் தோன்றலாம். இந்தியர் 30 பேர் குந்துவதையும், மண்டியிடுவதையும், சம்மணமிடுவதையும் அளந்து 2006இல் வெளியான ஆய்வொன்று, குதிகாலை உயர்த்திக் குந்துகையில் முழங்காலின் சராசரி மடக்கம் 157 பாகை எனக் காட்டிற்று. வயலில் நாற்றுப் பறிப்பவருக்கும், தரையில் அமர்ந்து பீங்கான் பொம்மைக்கு வண்ணம் தீட்டுபவருக்கும், அத்தஹிய்யாத்தில் அமர்பவருக்கும் நடையின் அளவு போதாது என்பதற்கு இது சான்றாகும்.

இவ்வுண்மையைக் கணினியின் துணையின்றியே கண்டவர்கள் உண்டு. 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய செயற்கைப் பாதம், வெறுங்காலுடன் நடக்கவும், குந்தவும், சம்மணமிடவும் இடந்தந்தது. நம் மாநிலத்தில், சென்னை ஐ.ஐ.டி. 2022இல் அறிமுகப்படுத்திய 'கதம்' என்னும் செயற்கை முழங்கால் 160 பாகை வரை மடங்கக்கூடியது. பேருந்திலும் ஆட்டோவிலும் உள்ள நெருக்கடியான இருக்கைகளையும் கருத்திற்கொண்டு அது வடிவமைக்கப்பட்டது.

ஆகவே, தரவு என்பது யாருடைய வாழ்வு அளக்கப்பட்டது என்பதன் பதிவேயாகும். நம் வாழ்க்கை முறை அதில் இடம்பெறாவிடில், நமக்கெனச் செய்யப்படும் கருவியும் பயிற்சியும் நமக்குப் பொருந்தாமற் போகலாம். மூட்டுவலியோடு மருத்துவரிடம் செல்லும் பெரியவர்கள், "நடக்க முடிகிறதா?" என்ற வினாவிற்கு விடையளிப்பதோடு நின்றுவிட வேண்டாம். தரையில் அமர்ந்தெழுவதையும், சஜ்தாச் செய்வதையும், படியேறுவதையும் எடுத்துரைப்பார்களாக. அளப்பவர் அறியாததை அறிவிப்பது அளக்கப்படுபவரின் பொறுப்புமாகும்.