எந்தப் பாதைக்கு எத்தனை பிட்?

கோபுரத்திலிருந்து கிளம்பும் ரேடியோ அலை கைப்பேசிக்கு நேராக வந்து சேர்வது அபூர்வம். சுவரில் மோதி, கூரையில் பட்டுத் திரும்பி, பல வழிகளில் வருகிறது. இதைப் பொறியாளர்கள் நெடுங்காலம் தொல்லையாகவே கருதினார்கள். பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படைக்கு சோனார் கருவி உருவாக்கி, பின்பு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சென்ற ஆரோக்கியசாமி பால்ராஜ் அதில் வாய்ப்பைக் கண்டார். இரு முனைகளிலும் பல ஆன்டெனாக்களை வைத்தால் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல தரவு ஓடைகளை அனுப்பலாம். இதற்கு 1992-இல் அவரும் தாமஸ் கைலாத்தும் காப்புரிமை கோரினார்கள். இன்றைய வைஃபை, 4ஜி, 5ஜி அனைத்திலும் இருக்கும் ‘மைமோ’ நுட்பம் இதுதான். 2014-இல் பால்ராஜுக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

ஆனால் பாதைகள் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. அனுப்பும் ஆற்றலுக்கும் வரம்பு உண்டு.

சமமாகப் பங்கிடுவதே நியாயம் என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. ஒரு பாதையில் முதல் பிட்டுக்கு 1 அலகு ஆற்றல் செலவானால், இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 4, நான்காவதற்கு 8 என்று செலவு இரட்டித்துக்கொண்டே போகும். நான்கு மடங்கு பலவீனமான இன்னொரு பாதையில் முதல் பிட்டுக்கே 4 அலகு வேண்டும். கையில் 3 அலகுதான் என்றால் நல்ல பாதைக்கே அனைத்தும்; 2 பிட் கிடைக்கும். 11 அலகு இருந்தால் நல்ல பாதையில் 3 பிட், மற்றதில் 1 பிட். அந்த 11 அலகையும் நல்ல பாதையிலேயே கொட்டினாலும் 3 பிட்டைத் தாண்டாது.

மேடுபள்ளமான தரையில் ஊற்றிய நீர் பள்ளத்தை முதலில் நிரப்புவது போன்றது என்பதால், துறையில் இதை ‘நீர் நிரப்பல்’ என்கிறார்கள். கிளாட் ஷானனின் 1949-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இதன் வேர் இருக்கிறது. பழைய ஏடிஎஸ்எல் இணைப்பு, தொலைபேசிக் கம்பியை 256 துணை அலைவரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தரம் பார்த்து அதிகபட்சம் 15 பிட் வரை ஏற்றியது.

கம்பி அசையாது, கைப்பேசிக்காரர் நடப்பார், பேருந்தில் போவார். அதனால் கைப்பேசி இடைவிடாமல் நிலவரம் சொல்கிறது: 4ஜியில் சிக்னலின் தரத்துக்கு 15 படிகள், கூடவே எத்தனை ஓடைகள் தாங்கும் என்ற எண். கோபுரம் அதைப் பார்த்து ஒரு குறியீட்டில், அதாவது ஒருமுறை அனுப்பும் அலைத் துணுக்கில், 2, 4, 6 என எத்தனை பிட் ஏற்றலாம் என்று முடிவெடுக்கிறது. மில்லி விநாடிக்கு ஒருமுறை மாற்றவும் முடியும்.

இங்கே ஒரு விட்டுக்கொடுத்தலும் இருக்கிறது. ஒவ்வொரு பாதையையும் பற்றி நுணுக்கமாக அறிக்கை அனுப்பினால் அந்த அறிக்கையே அலைவரிசையைத் தின்றுவிடும். எனவே 5ஜியில் நான்கு ஓடைகள் வரை ஒரே பிட் அளவைப் பகிர்ந்துகொள்கின்றன. சிக்னல் மிக மங்கினால் கைப்பேசி ஓர் ஓடையே போதும் என்கிறது. கோபுரமும் மொத்த ஆற்றலை அதற்கே தருகிறது.