ஐடி அட் ஸ்கூல் (கேரளம்)

ஐடி அட் ஸ்கூல் என்பது உயர்நிலைப் பள்ளிகளின் கற்றல் கற்பித்தலில் தகவல் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதற்காக இந்தியாவின் கேரள மாநில அரசு 2001ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம் ஆகும். கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக் கல்வியில் பரந்த அளவில் பயன்படுத்திய திட்டங்களுள் இது குறிப்பிடத்தக்கது. 2017இல் இத்திட்டம் கைட் என்னும் அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது.

கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றம்

தொடக்கத்தில் பாடத்திட்டம் தனியுரிம இயங்குதளம் ஒன்றைச் சார்ந்திருந்தது. அரசுப் பாடத்திட்டம் ஒரு நிறுவனத்தின் மென்பொருளை மட்டும் கற்பிப்பதை ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்த்தனர். இதையடுத்துப் பள்ளிகள் படிப்படியாகக் க்னூ/லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறின. 2008ஆம் ஆண்டளவில் பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வும் கட்டற்ற மென்பொருளிலேயே நடத்தப்பட்டது.

இம்மாற்றத்தால் உரிமக் கட்டணம் மிச்சமானது. ஒரே குறுவட்டை எத்தனை கணினிகளிலும் நிறுவ இயன்றது. பாடநூலுக்கு ஏற்ப மென்பொருளை மாற்றியமைக்கவும், மலையாள இடைமுகத்தைச் சேர்க்கவும் எவரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை.

ஆசிரியர்களின் பங்கு

கணினி வாங்கித் தருவதுடன் இத்திட்டம் நின்றுவிடவில்லை. பள்ளி ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்கள் தெரிவு செய்யப்பட்டனர்; அவர்கள் பிற ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தனர். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றார். கணினியைத் தனிப் பாடமாக மட்டுமன்றி, பிற பாடங்களைக் கற்பிக்கும் கருவியாகவும் கொள்ள இது வழிவகுத்தது.

எடுத்துக்காட்டாக, ஜியோஜீப்ரா மென்பொருளில் மாணவர் ஒரு முக்கோணத்தின் உச்சியை இழுத்தால் கோணங்கள் மாறும். அவற்றின் கூட்டுத்தொகை 180 பாகையாகவே இருக்கும். கரும்பலகையில் ஒருமுறை வரைந்து காட்டும் தேற்றத்தை மாணவரே பலமுறை சோதித்துப் பார்க்கலாம்.

விரிவாக்கம்

எடுசாட் செயற்கைக்கோளின் துணையுடன் விக்டர்ஸ் கல்வி அலைவரிசை 2005இல் தொடங்கப்பட்டது. அன்றைய குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் இதனைத் தொடங்கி வைத்தார். 2018இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின் கீழ் 8 முதல் 12 வரையான வகுப்புகளுக்குரிய 45,000 வகுப்பறைகளில் மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் அமைக்கப்பட்டன. மாணவர்களைக் கொண்ட லிட்டில் கைட்ஸ் மன்றங்களும் அதே ஆண்டில் தொடங்கின.

கொரோனாத் தொற்றுக் காலம்

பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, 2020 சூன் 1 அன்று விக்டர்ஸ் வழியாக 'பர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. தமிழ் வழியில் பயிலும் மாணவர்களுக்கும் வகுப்புகள் உருவாக்கப்பட்டன. எனினும், சுமார் 2.6 இலட்சம் மாணவர்களின் வீடுகளில் தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லை என மதிப்பிடப்பட்டது. இவர்களுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொதுக் கற்றல் மையங்கள் அமைக்கப்பட்டன.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பள்ளிக்குள் கட்டியெழுப்பிய வசதி, பள்ளி மூடப்பட்டதும் எல்லா மாணவரின் வீட்டையும் எட்டவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் ஆயத்தமான அலைவரிசையும் இருந்ததால் பாடங்களை விரைந்து தயாரிக்க முடிந்தது. அவற்றைப் பெறும் கருவியை ஒவ்வொரு மாணவருக்கும் உறுதி செய்வது தனியொரு பணியாக எஞ்சியது.